மூடியைத் தூக்கும் நேரம்

வேர் வந்த செய்தியை ஷிஹானா போனில் சொல்லவில்லை. உப்புக்குளத்திலிருந்து ஓட்டோ பிடித்து, மடியில் ஒரு போத்தலை லேஞ்சித் துணியால் சுற்றிப் பிடித்தபடி, நேரே தாழ்வுபாட்டுக்கு யோசேப்பின் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

யோசேப் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஷிஹானா சிலாவத்துறைப் பிள்ளை. அவருடைய ஒரே மகள் சுவேதினியோடு ஒன்றாக ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள். தை மாதத்தில் ஒரு கிழமைக் காய்ச்சலில் சுவேதினி கண்ணை மூடிய பிறகு, ஷிஹானா இடைக்கிடை வந்து ஒரு தேத்தண்ணி குடித்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவாள். அன்றைக்கு அவளுக்குச் செருப்பைக் கழற்றவும் பொறுமை இல்லை.

“அங்கிள், வேர் வந்திட்டுது.”

என்ன வேர், எதற்கு வேர் என்று யோசேப் கேட்கவில்லை. அந்த வேருக்காகத்தான் அவருடைய மகள் சோறு தண்ணி மறந்து திரிந்தாள். வலையைக் கீழே போட்டுவிட்டு எழும்பினார். போத்தலை வாங்கி வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தார். ஜெலியாக உறைந்திருந்த ஊட்டத்தில் விரல் நீளம்கூட இல்லாத பச்சைக் கன்று. அதன் அடியில் வெள்ளை வெளேரென்று நாலைந்து வேர்கள், தலைமயிர் தடிப்பில்.

“வந்திட்டுதா,” என்றார். “அவள் இல்லாத நேரம் பாத்து வந்திருக்கு.”

சுவேதினி செய்த வேலையை ஊரில் யாருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. கடற்கரை மணலில் முன்பு கால் வைக்கும் இடமெல்லாம் இம்பூறல் நின்றது. இருமலுக்கும் இழுப்புக்கும் வேரோடு பிடுங்கி அவித்துக் குடித்தார்கள். சின்ன வயதில் சுவேதினிக்கு இழுப்பு வரும்போதெல்லாம் அவளுடைய தாய் றஞ்சிதமும் அதைத்தான் அவித்தாள். பிடுங்கிப் பிடுங்கி, பிறகு மணலும் அள்ளப்போய், செடி அருகிவிட்டது. ஒரு மூலிகைக் கம்பனி உப்புக்குளத்தில் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்து இழைய வளர்ப்பு தொடங்கியபோது, சுவேதினி இம்பூறலைத்தான் செய்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

“நெல்லு மணியளவு குருத்தை வெட்டிப் போத்தலுக்குள்ள வைப்பம் அப்பா. அதுக்கு வளர்ச்சி ஊக்கி குடுப்பம். ஒரு ஊக்கி குருத்து விடச் சொல்லும். மற்றது வேர் விடச் சொல்லும். எதை எவ்வளவு குடுக்கிறதெண்டதுதான் வேலை.”

“அப்ப குழம்புக்கு உப்புப் புளி பாக்கிற வேலை.”

“ஓம் எண்டு வையுங்கோவன்.”

குருத்து என்னவோ போத்தல் நிறைய வந்தது. வெட்டி வைக்க வைக்கப் பற்றையாகக் கிளம்பியது. வேர்தான் மருந்துக்கும் வரவில்லை. வேரில்லாத செடியைப் போத்தலை விட்டு எடுக்க முடியாது. மகள் முகம் தொங்கிப்போய் வரும் பின்னேரங்களில் யோசேப் பகிடி விடுவார். “உள்ளுக்கு ஏசி, லைட், நேரத்துக்குச் சாப்பாடு. நானெண்டாலும் வேர் விடமாட்டன் பிள்ளை.” அவளுக்கு அதற்குமேல் முகத்தை வைத்திருக்க முடியாது, சிரித்துவிடுவாள்.

ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டும் அவள் ஷிஹானாவுக்குப் போன் எடுத்துச் சொன்னது இதைத்தான்: குருத்து ஊக்கியை முழுதாக நிறுத்து, வேர் ஊக்கியைப் பாதியாகக் குறை. அவளை அடக்கம் செய்த மாதமே கரண்ட் நின்று நின்று வந்ததில் போத்தல்களில் பூஞ்சணம் பிடித்தது. தப்பிய இரண்டொரு போத்தலிலிருந்து திரும்பக் குருத்தைப் பெருக்கி, அவள் சொன்ன அளவில் ஊக்கியைக் கொடுத்துப் பார்க்க ஷிஹானாவுக்குப் புரட்டாதி ஆகிவிட்டது. கடைசியில் சுவேதினி சொன்னதுதான் சரி.

“ஒரு தட்டம் நிறைய வந்திருக்கு அங்கிள். ஆனா கம்பனி வருசக் கடைசியோட அறையைப் பூட்டுதாம். லாபமில்லையாம். இப்பவே போத்தல் அடுக்கிற தட்டுகளை ஒழிக்கச் சொல்லிப்போட்டினம். கண்டுகளை வெளிக்காத்துக்குப் பழக்க அங்க இடமில்லை. சுவேதினியின்ர அறை சும்மாதானே கிடக்கு?”

அறையை யோசேப் ஒன்பது மாதமாகத் திறக்கவில்லை. அன்று திறந்தார்.

குசினிக்குள் நின்ற றஞ்சிதம் எட்டிப் பார்க்கவும் இல்லை. அவள் இப்படித்தான் ஆகிவிட்டாள். அடக்கத்தன்று, கல்லறைகள் இருக்கும் சேமக்காலை வாசலில் மயங்கி விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்; அதோடு சரி, அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. கோயிலுக்குப் போகிற வழியில் சேமக்காலை இருக்கிறது என்பதால் கோயிலையும் விட்டாள். செபத்தையும் விட்டாள். “என்ர பிள்ளை அங்க இல்லை,” என்பாள். எங்கே என்று கேட்டால் குசினிக்குள் போய்விடுவாள். யோசேப் தனியாகப் போய்க் கல்லறையில் புல்லுப் பிடுங்கிவிட்டு வருவார். அவள் ஒரே ஒரு தரம் கூட வந்தால் போதும் என்பதைத் தவிர அந்த மனுசனுக்கு வேறு வேண்டுதல் இருக்கவில்லை.

மறுநாள் ஷிஹானா தட்டத்தைக் கொண்டுவந்தாள். யோகட் கோப்பைகளில் மணலும் தும்புத்தூளும் நிரப்பி, ஜெலியைக் கழுவி எடுத்து, ஒவ்வொரு கன்றாக ஊன்றினாள். மூடுவதற்கு ஏதாவது கண்ணாடியாக வேண்டும் என்றாள். யோசேப் அலுமாரியைத் திறந்து, நல்லது கெட்டதுக்கு மட்டும் எடுக்கும் கிளாசுகளை எடுத்துவந்தார். சுவேதினியின் முதல்நன்மை விருந்துக்கு வாங்கிய கிளாசுகள். றஞ்சிதம் குசினி வாசலில் நின்று பார்த்தாள். ஒவ்வொரு கன்றின்மேலும் ஒரு கிளாஸ் கவிழ்ந்தது.

“இதுகள் போத்தல் ஈரத்துக்குள்ளேயே வளந்ததுகள் அங்கிள். இலையில மெழுகுப் பூச்சு இல்லை. சும்மா காத்துப் பட்டாலே உள்ளுக்கு இருக்கிற தண்ணி போயிடும். முதல் ஒரு கிழமை திறக்கவே வேண்டாம். பிறகு ஒரு நாளைக்கு ஒருக்கா, கொஞ்ச நேரம் மூடியைத் தூக்குங்கோ. நாளுக்கு நாள் அந்த நேரத்தைக் கூட்டுங்கோ.”

“இது வெறும் சுடுமணல்ல நிக்கிற பயிரெல்லே பிள்ளை?”

“அது வெளியில பிறந்தது அங்கிள். இது அப்பிடியில்லை. மார்கழியில நத்தார் வரைக்கும் பொறுங்கோ. நத்தாருக்கு நானே வந்து முதல் கண்டைச் சுவேதினியின்ர கல்லறையில வைக்கிறன், இன்ஷா அல்லாஹ். மிச்சத்தைக் கடற்கரையில வைப்பம்.”

கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம்? கடலுக்குப் போகிறவருக்கு மணிக்கூட்டோடு பழக்கம் குறைவு. ஐப்பசி செபமாலை மாதம் வேறு. யோசேப் தன்பாட்டில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். கிளாசுகளைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுவார், மூடிவிடுவார். அடுத்த நாள் இரண்டு. அதற்கடுத்த நாள் மூன்று. மணி உருட்ட உருட்டக் கண் கன்றுகளிலேயே இருக்கும். ஒரு இலை சுருண்டாலும் செபத்தைப் பாதியில் விட்டு மூடிவிடுவார். மாதாவுக்கு அது விளங்கும் என்று அவருக்கு நம்பிக்கை.

செபமாலையில் பத்தாவது மணிவரை வந்த அன்று ஒரு விசயம் நடந்தது. அவர் மரியே செபத்தின் முதல் பாதியைச் சொல்லி நிறுத்த, அறைக்கு வெளியே இருந்து றஞ்சிதத்தின் குரல் மறுபாதியைச் சொன்னது. யோசேப் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம். கண்ணால் தண்ணீர் ஓட ஓட அடுத்ததைத் தொடங்கினார். அவள் பதில் சொன்னாள். அதற்கடுத்த நாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து மகளின் கதிரையில் இருந்தாள். இரண்டு பத்து, மூன்று பத்து என்று நேரம் கூடிக்கொண்டே வந்து, மாதம் முடியும்போது கன்றுகள் ஒரு முழுச் செபமாலைக்குத் தாக்குப்பிடித்தன. ஒவ்வொன்றிலும் புது இலை விட்டிருந்தது. ஒரு மாதத்தில் யோசேப்புக்கும் கன்னத்தில் சதை வைத்துவிட்டது போலிருந்தது.

கார்த்திகை இரண்டாந் திகதி, இறந்தவர்களை நினைக்கும் சகல ஆத்துமாக்களின் திருநாள். சுவேதினிக்கு அது முதல் திருநாள். முதல் நாளே ஊர் முழுக்கச் சேமக்காலையில் நின்றது. கல்லறைகளுக்கு வெள்ளை அடித்து, புது மணல் பரப்பி, பூவும் மெழுகுதிரியும் கொண்டுபோய் வைத்தார்கள். யோசேப்பும் வெள்ளை அடித்துவிட்டு வந்து, கை கழுவும்போது கேட்டார்.

“நாளைக்கு வாறியா றஞ்சிதம்?”

அவள் கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுகளைக் கொண்டுபோய் அங்க வைச்சா வாறன்.”

“ஒண்டைத்தான் அங்க வைக்கிறதெண்டு ஷிஹானா சொன்னது. அதுவும் நத்தாருக்கு.”

“ஒண்டை அங்க வைச்சுப்போட்டு மிச்சத்தை வேற எங்கயோ வைக்கப் போறியளோ? என்ர பிள்ளையைப் பிரிச்சுப் பிரிச்சு வைக்கிறதோ? எல்லாம் போகவேணும். அவள் செய்தது முழுக்க அவளோட இருக்கட்டும். அப்ப நானும் வாறன்.”

யோசேப் போனைக் கையில் எடுத்தார். ஷிஹானாவுக்கு எடுத்தால் அந்தப் பிள்ளை வேண்டாம் என்றுதான் சொல்லும். அது சொன்னபிறகு றஞ்சிதத்துக்கு என்ன சொல்வது? பத்து மாதமாக அடைத்துக் கிடந்த கதவு இப்போதுதான் ஒரு விரல் அளவு நீங்கியிருக்கிறது. போனைத் திரும்ப மேசையில் வைத்தார். மழையும் தொடங்கிவிட்டது, மாரி மண்ணில் வைத்தால் எதுவும் பிடிக்கும், ஒரு செபமாலை நேரம் தாங்குகிற கன்றுகள் தாங்காமலா போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதை யார் பக்கத்தில் நின்று சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருப்பார்.

காலையில் தூறல் விழும்போதே போய், கல்லறைமேல் பரப்பிய மணலில் கன்றுகளை வரிசையாக ஊன்றி, கிளாசுகளைக் கவிழ்த்துவிட்டு வந்தார். மத்தியானம் போய்ப் பார்த்தார். கிளாசுக்குள் நீராவி பிடித்து, கன்றுகள் நல்ல செழிப்பாய் நின்றன.

பின்னேரம் மூன்றரைக்கு றஞ்சிதம் வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வழி நெடுக அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். சேமக்காலை வாசலில் ஒரு கணம் கால் பின்னியது. அவள் உள்ளே வந்தாள். கல்லறையைக் கண்டு, அதன்மேல் நின்ற பச்சையைக் கண்டு, அப்படியே மணலில் இருந்தாள். “நிக்குது என்ன?” என்றாள். “ஓம், நிக்குது,” என்றார் அவர். சுற்றிலும் சொந்தபந்தம் அழுதுகொண்டிருக்க, அவருக்கு மட்டும் நெஞ்சு நிறைந்துபோயிருந்தது. அவ்வளவு சந்தோசத்தை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு நிற்க அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

பூசை முடிந்து பங்குச் சுவாமி தீர்த்தச் செம்போடு கல்லறை கல்லறையாக வரத் தொடங்கினார். யோசேப் அப்போதுதான் கிளாசுகளை எடுத்தார். கண்ணாடி மூடியிருந்தால் தீர்த்தம் கன்றில் படாது. மகளின் வேலைக்கு ஆசீர்வாதம் கிடைக்க வேண்டாமா? மெழுகுதிரிகளும் காற்றுக்கு நின்று எரியவேண்டும். எடுத்த கிளாசுகளைச் சுற்றிவர நிமிர்த்தி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு திரியைக் கொளுத்தி வைத்தார். பிறகு செபமாலையைக் கையில் எடுத்தார். இது முடியுமுன் சுவாமி வந்துவிடுவார் என்பது அவருடைய கணக்கு.

சுவாமி கிழக்குக் கரையிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் பெயர்களைச் சொல்லி, ஒரு செபம் கூடக் கேட்டது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் படம் எடுத்தார்கள். மழை விட்டுச் சுள்ளென்று மேற்கு வெயில் அடித்தது. கடற்காற்று மணலைக் கிளப்பிக்கொண்டு வந்தது. செபமாலை ஒரு சுற்று முடிந்தது. சுவாமி இன்னும் நாலு வரிசை தள்ளி நின்றார். யோசேப் சிலுவையை முத்தமிட்டுவிட்டு இரண்டாம் சுற்றைத் தொடங்கினார். கிளாசை எடுத்தால் திரி அணைந்துவிடும். இந்தா வந்துவிட்டார், இந்தா வந்துவிட்டார் என்று கண் சுவாமியின் வெள்ளை அங்கியிலேயே இருந்தது. அறைக்குள் ஒரு இலை சுருளக் கண்டு செபத்தை விட்ட மனுசன், அன்றைக்குக் கன்றுகளைக் குனிந்து பார்க்கவேயில்லை.

றஞ்சிதம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேருங்கோ, தலை சாயுது.”

“தீர்த்தம் பட்டா நிமிரும்.”

“எல்லாம் சாயுது.”

“இந்தா வந்திட்டார். கொஞ்சம் பொறு.”

சுவாமி வந்தார். சுவேதினியின் பெயரைச் சொல்லிச் செபித்து, குஞ்சத்தைத் தோய்த்து மூன்று தரம் தெளித்தார். துளிகள் கன்றுகள்மேல் விழுந்தன. அந்த நேரம் ஒரு கன்றாவது நிமிர்ந்து நிற்கவில்லை. நனைந்த நூல் துண்டுகளாய் மணலோடு ஒட்டிக் கிடந்தன. சுவாமிக்கு அது என்னவென்று தெரியாது. தலையை அசைத்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போய்விட்டார்.

றஞ்சிதம் சத்தம் போட்டு அழவில்லை. கிளாசை வெறுங்கையால் பிடுங்கி, எரிந்துகொண்டிருந்த திரியை மணலில் கொட்டிவிட்டுக் கன்றின்மேல் கவிழ்த்தாள். கை சுட்டது, உதறிவிட்டு அடுத்ததைப் பிடுங்கினாள். யோசேப் தடுக்கப்போய், பிறகு தானும் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்தார். காற்று எல்லாத் திரிகளையும் அணைத்தது. இருட்டத் தொடங்க, சேமக்காலை முழுக்க வெளிச்சமாய் எரிந்தது. அவர்களுடைய பிள்ளையின் கல்லறையில் மட்டும் ஒரு திரிகூட இல்லை.

இரண்டு நாள் கழித்து ஷிஹானா வந்தாள். யோசேப்தான் போன் எடுத்துச் சொல்லியிருந்தார். கல்லறைக்கு முன் முழங்காலில் இருந்து ஒரு கிளாசை நிமிர்த்திப் பார்த்தாள், இன்னொன்றைப் பார்த்தாள், அதோடு விட்டுவிட்டாள். அவள் ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“வேற ஒண்டும் மிச்சமில்லையா பிள்ளை? ஒரு குருத்து?”

“போன கிழமை தட்டெல்லாம் ஒழிச்சுப்போட்டினம் அங்கிள். இதுகள் நிக்குதெண்ட நம்பிக்கையில நானும் மறிக்கயில்லை.” அவள் கிளாசைத் திரும்பக் கவிழ்த்தாள். “எந்த ஊக்கியை எவ்வளவு குடுக்கோணுமெண்டு இப்ப தெரியும். குடுக்கத்தான் ஒண்டுமில்லை.”

“நான்தான் பிள்ளை. நான்தான் சாகடிச்சன்,” என்றார் யோசேப். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார்.

அதற்குப் பிறகும் கிளாசுகள் சேமக்காலையில்தான் இருக்கின்றன. றஞ்சிதம் அவற்றை எடுக்க விடவில்லை. விடிந்ததும் முகம் கழுவி, வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு அவள் முன்னால் போவாள்; யோசேப் பின்னால் போவார். பத்து மாதமாக எந்த ஒன்றுக்காகத் தவம் கிடந்தாரோ அது அவருக்குக் கிடைத்துவிட்டது. அவள் ஒரு நாளும் தவறவிடுவதில்லை, மழையிலும்.

கிளாசுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மணலில் வைப்பாள். அடியில் ஒன்றும் இல்லை. முதல் சில நாள் கறுத்த நார் கிடந்தது, இப்போது அதுவும் மண்ணோடு போய்விட்டது. செபமாலையை எடுத்து ஒவ்வொரு மரியேயிலும் முதல் பாதியைச் சொல்லுவாள். யோசேப் மறுபாதியைச் சொல்லுவார். சொல்லி முடிந்ததும் கிளாசுகளைத் திரும்ப அதே இடங்களில் கவிழ்ப்பாள்.

நேற்றுச் செபமாலையின் பத்து மணிகள் முடிந்தபிறகு அவள் உடனே மூடவில்லை. வெறும் மணலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளையில இருந்து இன்னொரு பத்துக் கூட்டுவம் என்ன? மெல்ல மெல்லப் பழகட்டும்.”

“ஓம்,” என்றார் யோசேப்.